மலை ஏறினால் மாறும் கணக்கு: நீலகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் மருத்துவக் கேள்விகள்

குன்னூரில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆய்வக டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ரத்தம் எடுத்த ஆளை ஊர் மறப்பதில்லை. மார்க்கெட்டில் கேரட் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டுவார். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாட்ஸப்பைத் திறந்து "புதுசா ஏதோ ஆராய்ச்சியாம், நிஜமா அண்ணா?" என்பார். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். ஆராய்ச்சி பெரும்பாலும் கீழே, சமவெளியில் நடக்கிறது. அங்கே கிடைத்த எண்ணை அப்படியே மூட்டை கட்டி மேலே கொண்டுவர முடியுமா என்பது எனக்கு எப்போதும் உள்ள சந்தேகம். பதில்களிலும் அது தலைகாட்டும்.

கோயம்புத்தூரில் பார்த்தபோது என் மனைவிக்கு ஹீமோகுளோபின் 12.6, "நார்மல்" என்றார்கள். ஊட்டி டாக்டர் அதே தாளைப் பார்த்துவிட்டு "ரத்தம் கொஞ்சம் கம்மி" என்கிறார். யார் சொல்வது சரி?

நீங்கள் ஊட்டியிலேயே குடியிருப்பவர்கள் என்றால் ஊட்டி டாக்டர் சொன்னதுதான் சரி.

மேலே போகப் போகக் காற்று லேசாகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் குறைகிறது. இதைச் சிறுநீரகம் கவனித்து ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, அது எலும்பு மஜ்ஜையிடம் "இன்னும் கொஞ்சம் சிவப்பணு தயார் பண்ணு" என்று சொல்கிறது. அதனால் மலையில் வாழ்கிற ஆரோக்கியமான ஆளுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் கீழே உள்ளவர் அளவுக்குத்தான் இருக்கிறது என்றால், அந்த உடம்பு கேட்டது கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இது பழைய சங்கதிதான். ஆனால் எவ்வளவு கூட்டிக் கணக்குப் போட வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2024-ல் மாற்றியது. முன்பு 1,000 மீட்டருக்கு மேல்தான் திருத்தம், அதுவும் சொற்பம். இப்போது 500 மீட்டரிலிருந்தே தொடங்குகிறது. நூறு மில்லி ரத்தத்துக்கு, 1,000 முதல் 1,499 மீட்டர் வரை 0.8 கிராம், 1,500 முதல் 1,999 வரை 1.1, 2,000 முதல் 2,499 வரை 1.4. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்குச் சமவெளியில் எல்லைக்கோடு 12. ஊட்டி 2,240 மீட்டர், அதனால் அங்கே கோடு 13.4. குன்னூரில் 13.1. கூடலூர் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான், அங்கே 12.8. மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் மறுபடி 12.

ஒரே மாவட்டத்துக்குள் மூன்று கோடு. உங்கள் மனைவியின் 12.6 கூடலூரிலேயே கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஊட்டியிலோ நன்றாகவே கீழே. பயப்படுகிற அளவு இல்லை. ஆனால் "நார்மல்" என்று மடித்து பீரோவில் வைக்கிற தாளும் இல்லை.

அப்படியானால் ரிப்போர்ட் தாளில் ஏன் 12 முதல் 15 என்றே அச்சடித்திருக்கிறது?

மெஷின் கம்பெனி கொடுத்த எல்லைகளை அப்படியே சாப்ட்வேரில் ஏற்றிவிடுகிறார்கள், அதனால்தான். நான் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான் இருந்தது, நானும் மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் ரத்தசோகையை எண்ணும்போது உயரத்துக்கும் புகைப்பழக்கத்துக்கும் திருத்தம் செய்துதான் எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 கணக்கெடுப்பு சொன்னதே, அதுவும் அப்படித் திருத்தி எண்ணியதுதான். அரசாங்கக் கணக்கில் நாம் மலைக்காரர்கள், கையில் வருகிற தாளில் மட்டும் சமவெளிக்காரர்கள்.

அந்தக் கணக்கெடுப்பில் இன்னொரு சர்ச்சையும் உண்டு. விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டை வைத்து அளந்ததால் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், நரம்பில் ஊசி போட்டு எடுப்பதே மேல் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

முகாமில் விரலில் குத்திப் பார்த்தால் 10.8, அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் 12. எப்படி?

எந்த மாதத்தில் முகாம்? டிசம்பர், ஜனவரி என்றால் முதல் சந்தேகம் உங்கள் விரல் மேல்தான்.

காலை ஏழு மணிக்கு, பனி இறங்கிய புல்லில் நடந்து, வெறுங்கையோடு ஒரு அம்மா வந்து உட்காருவார். விரலைத் தொட்டால் ஐஸ். குத்தினால் ரத்தம் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். பின்னால் வரிசை நீளம். நர்ஸம்மா என்ன செய்வார், விரலைப் பிதுக்குவார். பிதுக்கும்போது ரத்தத்தோடு சதையில் இருக்கிற நீரும் சேர்ந்து வரும். மெஷினுக்குப் போவது தண்ணீர் விட்ட ரத்தம். எண் இறங்கிவிடும்.

நான் ஒரு வழி வைத்திருந்தேன். வரிசையில் நிற்கிறவர்கள் கையில் சூடாக ஒரு டம்ளர் டீயைக் கொடுத்து, குடிக்க வேண்டாம், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்பேன். முறை வருவதற்குள் விரல் சிவந்துவிடும். குத்தினால் தானாகவே முத்துப்போல் நிற்கும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை எடுக்க வேண்டும்.

விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவிக்கும் இதே பாடம்தான். கொரோனா காலத்தில் 94 என்ற எண் எல்லார் மனதிலும் ஒட்டிக்கொண்டது. ஊட்டியில் நல்ல ஆரோக்கியமானவருக்கும் கீழே இருப்பதைவிட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டலாம். விரல் சில்லிட்டிருந்தாலோ மருதாணி அப்பியிருந்தாலோ இன்னும் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் மட்டும் கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வண்டி ஏற்பாடு பண்ணுங்கள்.

டீ குடித்தால் ரத்தம் குறையும் என்பது நிஜமா? நாங்கள் தேயிலையில்தான் பிழைக்கிறோம்!

டீ ரத்தத்தைக் குடித்துவிடாது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது, அவ்வளவுதான். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் பெரிய பாதிப்பில்லை. கொழுந்து பறிக்கிறவர்கள் மதியம் தூக்குச்சட்டியைத் திறந்து சோற்றோடு கட்டன் சாயாவும் குடிப்பார்கள். அந்த டீயை மூன்று மணிக்குத் தள்ளிவையுங்கள். இரும்பு மாத்திரையை டீயில் விழுங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது மாத்திரையைச் சாக்கடையில் போடுவதற்குச் சமம்.

காசநோய்க்கு அரிசி பருப்பு கொடுத்தாலே போதும் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்துவிட்டார்களாமே?

போதும் என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரையோடு சேர்த்து.

ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜார்க்கண்டில் 4 மாவட்டங்கள், 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் கூட வசிக்கிற 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். வீட்டில் இருக்கிறவர்களை மட்டும் இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. உணவு வாங்கிய வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்குச் சாவின் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. ஐம்பது கிலோ ஆளுக்கு அது இரண்டரைக் கிலோ.

இந்த எண்ணைப் பார்த்து எனக்கும் மலைப்புதான். ஆனால் அது பட்டினி இருந்த வீடுகள். எலும்பும் தோலுமாக இருந்தவர்களுக்குக் கொடுத்த அரிசி மருந்தாக வேலை செய்தது. ஏற்கெனவே மூன்று வேளை சாப்பிடுகிற வீட்டில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. நம் பக்கத்தில் இரண்டு வகை வீடும் உண்டு. அதோடு நமக்கென்று ஒரு தனிப் பிரச்சினையும் இருக்கிறது: குளிர். எஸ்டேட் லைன் வீட்டில் ஒரே அறை, ஆறு பேர், சாயந்திரம் ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்தி இடுக்கில் துணி திணித்துவிடுவார்கள். காசநோய் காற்றில் பரவுகிற நோய். வெயில் அடிக்கிற நேரமாவது ஜன்னலைத் திறந்து போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

தமிழ்நாடு அரசு 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. யோசனை ரொம்ப எளிது. நோய் என்று தெரிந்தவுடனே எடை எவ்வளவு, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எப்படி, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். மோசமாக இருப்பவர்களை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். காசநோய்ச் சாவுகளில் பெரும்பங்கு சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நடப்பதுதான் இதற்குக் காரணம். இன்னொரு விஷயம்: சிகிச்சையில் இருப்பவருக்கு மத்திய அரசு தரும் ஊட்டச்சத்துப் பணம் 2024 நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. வங்கிக் கணக்கு விவரம் கொடுக்காமல் அதை இழப்பவர்கள் நிறைய.

சிக்கிள் செல் நோயை இந்தியாவிலேயே முதலில் நீலகிரியில்தான் கண்டார்கள் என்கிறார்களே?

ஆமாம், 1952-ல். லேமன், கட்புஷ் என்ற இரண்டு பேர் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் இதைக் கண்டு எழுதினார்கள். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டுபிடிக்கப்பட்டது.

கண்ணாடித் தகட்டில் இதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாதாரணச் சிவப்பணு உளுந்து வடை மாதிரி வட்டமாக, நடுவில் அமுங்கி இருக்கும். இந்த நோயில், ஆக்சிஜன் குறைகிற இடத்தில் அது வளைந்து, இரண்டு முனையும் கூராகி, பன்னரிவாள் மாதிரி ஆகிவிடும். அரிவாள்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு சின்ன ரத்தக்குழாயை அடைக்கும். அந்த இடத்தில் உயிர் போகிற வலி. அணுவின் ஆயுளும் 120 நாளிலிருந்து 10, 20 நாளாகச் சுருங்கிவிடும். அடிக்கடி உடைவதால் கண் மஞ்சளாகவே இருக்கும், காமாலை என்று நினைத்து வருஷக்கணக்கில் பத்தியம் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நீங்கள் வெறும் 'கேரியர்', நோயாளி இல்லை. மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புகூட உண்டு. வயநாடு, கூடலூர் காடுகள் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை. அந்தக் காட்டில் பிழைத்து வந்த தலைமுறைகளின் முத்திரை இது. இரண்டு கேரியர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு நோயோடு பிறக்க. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று எண்ணுவது தப்பு. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஒழிப்பு இயக்கத்தில், 2047-க்குள் இலக்கு என்று சொல்லி, 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டம். பரிசோதித்தவர்களுக்கு அட்டை தருகிறார்கள். அட்டை நல்லதுதான், கல்யாணத்துக்கு முன் தெரிந்துகொள்ள உதவும். ஆனால் கேரியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒரு பெண்ணைக் குறை சொல்ல அதையே ஆயுதமாக்கினால், அட்டை இல்லாமலே இருந்திருக்கலாம். சிகிச்சைக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரை இருக்கிறது, தினமும் எடுத்தால் வலி வருவது குறைகிறது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், குளிரில் நனையக் கூடாது.

மலைக் கணக்கு இங்கேயும் உண்டு. கூடலூரில் நன்றாக இருந்த பையன் கட்டட வேலைக்கு ஊட்டி போய், ஜனவரிக் குளிரில் சாந்து கலக்கும்போது கால் வலி என்று சுருண்டு விழுவான். ஆயிரம் மீட்டர் ஏறியிருக்கிறான், காற்று லேசு, தண்ணீர் குடிக்கத் தோன்றாத குளிர். மேஸ்திரி சோம்பேறி என்பார். வேலைக்கு ஏறும் முன் கம்பளியும் தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் பையில் இருக்கிறதா என்று வீட்டார் பார்க்க வேண்டும்.

கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியின் காப்பீடு பற்றி வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்ததாமே, என்ன அது?

1990-ல் தொடங்கிய மருத்துவமனை அது, அஸ்வினி என்ற அமைப்பு நடத்துகிறது. ஆதிவாசி முன்னேற்ற சங்கத்தின் உறுப்பினர்களுக்காக 1992-லேயே அங்கே ஒரு சமூகக் காப்பீடு வந்துவிட்டது. அரசு காப்பீட்டுத் திட்டம் என்ற பேச்செல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால். 2010-ல் வந்த ஆய்வுக் கட்டுரை, காப்பீட்டில் இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டது. இருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது 2.2 மடங்கு.

"அப்படியென்றால் காப்பீடு எடுத்தால் நோய் கூடுமா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். நோய் கூடவில்லை, வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பணம் கட்ட வேண்டியதில்லை என்று தெரிந்ததால் வந்தார்கள். இதே எண் நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் வந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்: தேவையில்லாமல் படுக்க வைக்கிறார்களோ என்று. எந்த ஊரில், யாருக்கு என்று பார்க்காமல் ஓர் எண்ணை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

காய்ச்சல் ஐந்து நாளாக விடவில்லை. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. வேறு என்ன பார்க்க வேண்டும்?

உடம்பைப் பாருங்கள். முழுசாக. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் மடிப்பு, இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பு, வலியும் இருக்காது அரிப்பும் இருக்காது. அது இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் என்பதற்குப் பெரிய துப்பு. செய்தித்தாளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள், ஆனால் கடிப்பது உண்ணி இல்லை. புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுயிரியின் குஞ்சு. கொழுந்து பறிக்கிறவர்கள், விறகுக்குப் போகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாரும் அது இருக்கும் இடத்தில்தான் நடக்கிறார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் அந்த இடத்தைக் காட்டாமல் விடுவதால்தான் பாதிப் பேருக்குத் தாமதமாகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் லண்டன் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து தமிழகத்தில் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டுக்குப் பத்து சதவீதம் பேர் வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள், பெரும்பாலோருக்குத் தெரியாமலே வந்து போகிறது என்றது அது. அந்தக் கிராமங்களின் எண் நம் ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட்டுகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நோயும் மருந்தும் அதேதான். டாக்சிசைக்ளின், விலை குறைந்த பழைய மாத்திரை, சீக்கிரம் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். நோய் முற்றியவர்களுக்கு அதையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று 2023-ல் அதே வேலூர்க்காரர்கள் முன்னின்று நடத்திய இன்னொரு ஆய்வு காட்டியது. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் "பொருக்கு இருக்கிறது" என்று சொல்லுங்கள்.

முதுமலைப் பக்கம் குரங்கு செத்துக் கிடந்தால் தொடக் கூடாதாமே?

தொடக் கூடாது. குரங்குக் காய்ச்சல் வைரஸ் 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. 2012-13-ல் பந்திப்பூர், முதுமலை, வயநாடு வரை வந்தது தெரிந்தது. பரப்புவது உண்ணி (இதில் நிஜமாகவே உண்ணிதான்). செத்த குரங்கிலிருந்து இறங்குகிற உண்ணிகள் அடுத்த உடம்பைத் தேடும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போங்கள்.

நாய் லேசாகப் பல் பட்டது, ரத்தம்கூட வரவில்லை. ஊசி வேண்டுமா?

தோல் கீறியிருந்தால் வேண்டும். முதலில் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ரத்தம் வருகிற மாதிரி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. குரங்கு கடித்தாலும் இதேதான், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பொரி கொடுக்கிற சுற்றுலாக்காரர்கள் கவனிக்க.

இந்த விஷயத்தில் குன்னூர்க்காரனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பூங்காவுக்கு எதிரே இருக்கிற பாஸ்டர் நிறுவனம் 1907-ல் வெறிநாய்க்கடிக்கு மருந்து தரவென்றே தொடங்கியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று தாத்தாக்கள் பயமுறுத்துவார்களே, அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து, இந்தியாவில் 2004-ன் கடைசியில் நிறுத்தியாகிவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் கையில், தோலுக்குள் போடுகிறார்கள். முதல் நாள் (அதைப் பூஜ்யம் என்று எண்ண வேண்டும்), 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள்.

அந்த நாலாவது ஊசிதான் சிக்கல். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 15 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக் கடிகள், அதில் நாலில் மூன்று நாய்க்கடி, வெறிநாய்க்கடி நோயில் சாவு சுமார் 5,700. நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஊசியே போடவில்லை. தொடங்கியவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முடிக்கவில்லை. நம் பக்கம் ஊசி போடப் போவது என்றால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி. நாலு முறை என்றால் நாலு நாள் கூலி. கங்காணியிடமோ மேனேஜரிடமோ 28-ம் நாள் லீவை முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.

மலையில் பாம்புக்கடி குறைவுதானே?

சாவு குறைவு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது, அதில் பெரும்பகுதி தாழ்வான நிலப்பகுதிகளில். இது நமக்கு ஆறுதல்தான், ஒரு குறையோடு. விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்குத்தான் தயாராகிறது. தேயிலைச் செடியிலும் ஏலக்காய்த் தோட்டத்திலும் சுருண்டு கிடக்கிற குழிவிரியன்களுக்கு அது பொருந்தாது. அதனால் "மருந்துதான் கிடையாதே" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. சில குழிவிரியன் கடி சிறுநீரகத்தைப் பாதிக்கும், ஒன்றிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து ஒவ்வொரு பாம்புக்கடியையும் ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், மலைக் கணக்கும் இனிமேலாவது சரியாகப் பதிவாகும்.

வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை தருகிறார்கள். நம்பி வாங்கலாமா?

தாராளமாக. அது தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம், அவர்களில் கட்டுக்குள் இருந்தது வெறும் 7.3 சதவீதம் என்று தெரிந்தது. பதின்மூன்று, பதினான்கு பேரில் ஒருவர். மாத்திரை இல்லாமல் இல்லை, வாங்கப் போக முடியாமல். செங்குத்தான படிக்கட்டு இருநூறு இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, மறுபடி ஏற வேண்டிய எழுபது வயதுப் பாட்டிக்கு, அடுத்த மாதம் போகலாம் என்றுதான் தோன்றும். எடுத்து வருகிற பெண்ணுக்கு மட்டும் ஒரு வாய் டீ கொடுங்கள், அவரும் அதே படிதான் ஏறி வந்திருக்கிறார்.

இனி எதற்கும் கோவை ஓட வேண்டாமா?

பாதிக்கு வேண்டாம். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்தது, 700 படுக்கையோடு புது ஆஸ்பத்திரி 2025 ஏப்ரலில் திறந்தார்கள். ஊட்டி, குன்னூர்க்காரர்களுக்கு இது பெரிய மாற்றம். பந்தலூரிலிருந்து பார்த்தால் ஊட்டியும் தூரம்தான். மழையில் மரம் விழுந்தால் 108 வண்டியும் நிற்கத்தான் வேண்டும். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாதம் நிறைந்த கர்ப்பிணிகள் மழைக்காலத்தில் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆஸ்பத்திரி பக்கம் உறவினர் வீட்டிலோ, காத்திருப்பு அறை உள்ள சுகாதார நிலையத்திலோ வந்து தங்கிவிடுவதே நல்லது.

அறைக்குள் கரி மூட்டிக் குளிர் காயலாமா?

கூடாது. கதவைச் சாத்திக் கரியடுப்போடு தூங்கினவர்கள் காலையில் எழுந்ததில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

எல்லாம் சரி, உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு சார்?

இதைக் கேட்டது எங்கள் தெரு மளிகைக்கடைப் பையன். 13.6. ரொம்ப வருஷமாக அந்தப் பக்கமே நின்றுகொண்டிருக்கிறது. ஆண்களுக்குக் கோடு 13 என்று மனப்பாடம், நானே என் தாளில் டிக் போட்டு மடித்து வைத்துவிடுவேன். புது அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்தபோதுதான் குன்னூருக்கு 1.1 கூட்டினேன். 14.1.

டாக்டரிடம் போனேன். பெண்களுக்கு என்றால் முதலில் சாப்பாட்டையும் மாதவிலக்கையும் கேட்பார்கள். என் வயது ஆணுக்குக் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் இரும்பு மாத்திரை எழுதக் கூடாது என்றார். சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து, நாளைக் காலை மலம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருஷம் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து நான் நீட்டிய அதே டப்பா. மூடியில் பெயர் எழுத மறக்காதீங்க என்று அந்தப் பெண் சொன்னாள்.